மனம் மாற ஐந்து நாள்

வீடு வாங்குகிறவனின் மனம் மாறக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிற சட்டங்கள் உலகில் சில இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஒப்பந்தம் கைமாறிய பிறகும் ஐந்து வேலை நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால் விலையில் 0.25 சதவீதம் நஷ்டம், அவ்வளவுதான். பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு 2,500 டாலர். ஏலத்தில் எடுத்த வீட்டுக்கு மட்டும் இந்த அவகாசம் கிடையாது.

இந்த உரிமையை வேண்டாமென்று எழுதிக் கொடுக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. 66டபிள்யூ சான்றிதழ் என்று பெயர். விளைவுகளை இவருக்கு விளக்கிவிட்டேன் என்று வாங்குகிறவரின் வழக்கறிஞர் கையெழுத்திடுகிறார். பிறகு விலகினால் முன்பணம் முழுவதும் போகும். அது வழக்கமாகப் பத்து சதவீதம். 2,500 டாலராக இருந்த நஷ்டம் ஒரு லட்சமாகிவிடுகிறது.

சிட்னியிலிருக்கும் என் மைத்துனன் இதைத்தான் கேட்டிருந்தான். "இன்னும் ரெண்டு பேர் கேக்காங்க அத்தான். அவகாசம் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா வீடு எனக்குத்தானாம். நீங்க பேங்க்ல இருக்கீங்க, சொல்லுங்க." அவன் முன்பணமாகக் கட்டப்போவது தூத்துக்குடியிலிருந்த பூர்வீக வீட்டை விற்ற பணம். அத்தை இப்போது எங்களோடு இருக்கிறார்.

பேங்க்கில் இருப்பவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். காப்பீட்டுப் பாலிசி எடுத்தவர் பிடிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். 2024லிருந்து விதி அப்படி. நாற்பது லட்சத்துக்கு வீடு கிரயம் செய்தவருக்கு இங்கு ஒரு நாள்கூடக் கிடையாது. நம்மிடம் இருப்பது அச்சாரமும் கிரய ஒப்பந்தமும். ஒப்பந்தத்தால் மட்டும் சொத்தில் பாத்தியம் எதுவும் வராது என்கிறது 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் நடுவிலுள்ள சில மாதங்களில் தாய்ப்பத்திரமும் வில்லங்கமும் பார்த்துக்கொள்கிறோம். மனம் மாறினால் என்ன போகும் என்பது பெரும்பாலும் இருவரும் எழுதிக்கொண்டதைப் பொறுத்தது. சட்டம் தராத அவகாசத்தை வழக்கம் கொஞ்சம் தந்து வந்திருக்கிறது.

அவகாசமே இல்லாத வியாபாரம் இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. இங்கு முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1955லிருந்து 1961 வரை. முத்துச் சிப்பிகளை ஆயிரக்கணக்கில், திறக்காமலே ஏலம் விடுவார்கள். எடுத்த வியாபாரி அவற்றை அழுகவிட்டு, கழுவி, அரித்த பிறகுதான் உள்ளே என்ன இருந்தது என்று அறிவான். காத்திருப்பு அங்கும் உண்டு, ஆனால் பணம் கொடுத்த பிறகு. வியாபாரிக்கு அது கட்டுப்படியாகும். ஒரு குவியல் பொய்த்தால் இன்னொன்று ஈடுகட்டும். வீடு வாங்குகிறவனிடம் இருப்பது ஒரே குவியல். அவகாசத்தை எழுதிக் கொடுக்கச் சொல்கிறவர்கள் சாதாரண விற்பனையை ஏலமாக்குகிறார்கள். ஒற்றைக் குவியல்காரனை வியாபாரியின் இடத்தில் நிறுத்துகிறார்கள்.

ஐந்து நாளில் ஒரு சுவர் எதைச் சொல்லிவிடும் என்று கேட்கலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றது. கோடையில் வீடு பார்க்கிறவனுக்கு இது கண்ணில் படாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்க அரை மணி நேரம் போதும். கேட்கத் தோன்றுவதற்குத்தான் நாட்கள் வேண்டும். கவிதையிலும் முதல் வாசிப்பின் மயக்கம் இரண்டாம் வாசிப்பில்தான் தெரிகிறது. சந்தேகம் கொஞ்சம் தாமதமாக வருகிற விஷயம்.

அந்தச் சான்றிதழ், சட்டத்தை விளக்கியாயிற்று என்பதற்குத்தான் சான்று. வாங்குகிறவன் சுவரைத் தட்டிப் பார்த்தான் என்பதற்கோ, கடன் கிடைத்துவிட்டது என்பதற்கோ அல்ல. இவற்றையெல்லாம் முன்பே முடித்துவிட்டவன் அவகாசத்தை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை; அவன் தன் ஐந்து நாட்களைக் கையெழுத்துக்கு முன்னால் செலவழித்துவிட்டான். முடிக்காதவன் விட்டுக்கொடுப்பது தன்னிடம் இல்லாத நிச்சயத்தை.

கட்டடத்தைப் பரிசோதித்த அறிக்கையும், கடன் அனுமதி எழுத்து மூலமாகவும் கைக்கு வந்த பிறகு கையெழுத்திடு என்று எழுதியிருக்கிறேன். அதற்குள் வேறொருவர் வாங்கிவிட்டால் வீடுதான் போகும். அத்தை வீட்டுப் பணம் இருக்கும்.