ரூட் உரிமை: எக்கியார்குப்பத்து நாஸ் பெட்டியின் நாட்குறிப்பு

தை 3

நாஸ் என்று கடைகளில் விற்கப்படும் பெட்டி, திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சின்னக் கணினி. உள்ளே ஒன்றிரண்டு ஹார்டு டிஸ்க், ஒரு செயலி, கொஞ்சம் நினைவகம் இருக்கும். பெரும்பாலானவற்றில் இவற்றை இயக்குவது லினக்ஸ். வீட்டு ரௌட்டரோடு ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் போன்களும் தங்கள் கோப்புகளை அதில் வைத்து எடுக்கலாம்.

மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் ஒரு வீட்டு மேசையில் இருப்பது டி-லிங்க் நிறுவனத்தின் டிஎன்எஸ்-323. 2006-இல் சந்தைக்கு வந்த மாடல். 500 மெகாஹெர்ட்ஸ் மார்வெல் செயலி, 64 எம்பி நினைவகம், 8 எம்பி ஃபிளாஷ், இரண்டு டிஸ்க் வைக்கும் இடம். கல்யாணப் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், உப்பளக் கூலிக் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பெட்டி இன்னும் ஓடுகிறது. ஆனால் புது லேப்டாப்பின் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

காரணம் பெட்டியின் பழுதல்ல. இந்தத் தலைமுறைப் பெட்டிகள் கோப்புகளைப் பகிர எஸ்எம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பையே பேசும். 2017 மே மாதம் வான்னக்ரை தாக்குதல் உலகம் முழுவதும் பரவியது அந்தப் பழைய பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைத் தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. பெட்டிக்கோ அதை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் புதிய பதிப்பு வருவதில்லை. இந்த இடைவெளியை உரிமையாளர் தாமே அடைக்க வேண்டுமானால், பெட்டியின் உள்ளே நுழையும் முழு அதிகாரம் வேண்டும். அதன் பெயர் ரூட்.

தை 4

யூனிக்ஸ் இயங்குதளம் 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் கையில் உருவானது. அந்த வழியில் வந்த எல்லா அமைப்புகளிலும் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. எண் பூஜ்யமாக இருப்பவர் ரூட். எந்தக் கோப்பையும் படிக்க, மாற்ற, அழிக்க அவரால் முடியும். எந்தச் சேவையையும் தொடங்கி நிறுத்தலாம். அவர் இட்ட கட்டளைக்கு மறுகேள்வி கிடையாது.

நாஸ் வாங்கியவருக்குத் தரப்படும் ‘அட்மின்’ கணக்கு பொதுவாக அதுவல்ல. தயாரிப்பாளர் வரைந்து வைத்த இணையப் பக்கத்தில் உள்ள பொத்தான்களை அழுத்தும் உரிமை மட்டுமே அதில் உண்டு. பக்கத்தில் இல்லாத வேலையை அட்மினால் செய்ய முடியாது. தெரியாத்தனமாக எதையாவது கெடுத்துக்கொள்ளாமல் வாடிக்கையாளரைக் காப்பது இதில் ஒரு நியாயம். ஆனால் தயாரிப்பாளர் அந்த மாடலைக் கைவிட்ட நாளில் அந்த நியாயம் முடிந்துபோகிறது. அதன்பின் பூட்டப்பட்ட பெட்டி உரிமையாளருக்கு எதிராகவே பூட்டப்பட்டிருக்கிறது.

இந்தப் பெட்டிகளின் உள்ளே இருப்பது கட்டற்ற மென்பொருள் என்பதையும் மறக்கக்கூடாது. லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதை வைத்துப் பொருள் விற்பவர், கேட்பவருக்கு மூலநிரலைத் தர வேண்டும். லிங்க்சிஸ் நிறுவனம் தன் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டரின் மூலநிரலை 2003-இல் வெளியிட்டது. அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. 2004-இல் வந்த அதே நிறுவனத்தின் என்எஸ்எல்யூ2 என்ற கையடக்கப் பெட்டியில் ஆர்வலர்கள் முழு டெபியன் லினக்ஸையே ஓடவைத்தார்கள். வீட்டு நாஸில் ரூட் எடுக்கும் பழக்கம் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான்.

தை 5

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வேலைக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 43 தடுப்பது உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதை. பிரிவு 66-இன்படி அதைக் கெட்ட எண்ணத்துடன் செய்தால் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தன் பணத்தில் வாங்கிய, தன் வீட்டில் இருக்கும் பெட்டியைத் திறப்பவர் இந்தப் பிரிவுகளுக்குள் வரமாட்டார். பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52-உம் முறையாகக் கையில் வைத்திருக்கும் மென்பொருள் எப்படி இயங்குகிறது என்று கவனிக்கவும் சோதிக்கவும் இடம் தருகிறது. ஆனால் உறவினர் வீட்டுப் பெட்டியானாலும், அலுவலகப் பெட்டியானாலும், உரியவரின் சம்மதம் இல்லாமல் கைவைக்கக்கூடாது. வாரண்டி இருக்கும் பெட்டியில் அது போய்விடக்கூடும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

தை 7

ரூட் எடுப்பதற்கு முந்தைய வேலை, நகல் எடுப்பது. இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பெட்டி முறைப்படி அணைக்கப்பட்டு முன்பக்க மூடி கழற்றப்பட்டது. இரண்டு டிஸ்குகளும் ரெய்ட் 1 முறையில், ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் விழும்படி அமைந்தவை. ஆகவே ஒரு டிஸ்கை மட்டும் யூஎஸ்பி இணைப்பியில் பொருத்தி, லினக்ஸ் ஓடும் லேப்டாப்பில் ‘வாசிக்க மட்டும்’ என்ற நிலையில் திறந்தால் போதும். மற்ற டிஸ்க் தொடப்படாமல் தனியே இருக்கும். கோப்புகள் அனைத்தும் வெளியே ஒரு புது டிஸ்குக்குப் படியெடுக்கப்பட்டன.

ரெய்ட் 1 இருக்கிறதே, தனி நகல் எதற்கு என்று நினைப்பவர்கள் பலர். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். தவறான ஒரு கட்டளை கோப்பை அழித்தால், இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும்.

பெட்டியின் உட்புறம் இந்தக் கடற்கரையின் கதையைச் சொல்லியது. டிஸ்க் சொருகும் இணைப்பியின் ஓரத்தில் பச்சைப் பூச்சு. பின்பக்க விசிறியின் இறக்கைகளில் வெள்ளைத் தூள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மரக்காணத்து உப்பளங்கள் என்றிருக்கும் ஊரில் காற்றோடு உப்பும் வீட்டுக்குள் வருகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். அந்தக் கரைசலில் மின்சாரம் பாயும். செம்பை அது அரிக்கும். பெட்டி எப்போதும் ஓடிச் சூடாக இருந்தால் ஈரம் தங்காது. அணைத்து மூலையில் போட்டால்தான் அரிப்பு வேகமெடுக்கும். மென்மையான பிரஷால் தூசி தட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் இணைப்பிகள் துடைக்கப்பட்டன.

தை 8

ரூட்டை அடையும் வழிகள் பெட்டிக்குப் பெட்டி மாறும். வகைப்படுத்தினால் நான்கு.

முதலாவது, தயாரிப்பாளரே திறந்து வைத்திருக்கும் வழி. சைனாலஜி பெட்டிகளில் அமைப்புப் பக்கத்திலேயே, வேறொரு கணினியிலிருந்து மறையாக்கத்தோடு நுழைந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையை இயக்கலாம். 2016-இல் வந்த டிஎஸ்எம் 6-க்குப் பிறகு நேரடியாக ரூட்டாக நுழைய முடியாது. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து ‘சூடோ’ கட்டளையால் ரூட்டாக மாற வேண்டும். இப்படி வழி இருக்கும் பெட்டியில் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, தயாரிப்பாளர் விட்டுவைத்த கொக்கி. தொடங்கும்போது குறிப்பிட்ட பெயருள்ள ஒரு கோப்பைத் தேடி ஓட்டும் பழக்கம் சில பெட்டிகளில் உண்டு.

மூன்றாவது, மதர்போர்டில் உள்ள சீரியல் கன்சோல். நான்கு புள்ளிகள் அருகருகே இருக்கும், 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் கம்பியை அதில் இணைத்து, பல பெட்டிகளில் 115200 என்ற வேகத்தில், பூட்லோடரோடு பேசலாம். கர்னலுக்குத் தரும் வரியில் முதல் நிரலாக ஷெல்லையே தொடங்கச் சொன்னால், கடவுச்சொல் கேட்காமலேயே ரூட் கிடைக்கும். 5 வோல்ட் கம்பியை மாட்டினால் போர்டு கெட்டுவிடக்கூடும்.

நான்காவது, இணையப் பக்கத்தில் உள்ள பாதுகாப்பு ஓட்டை வழியாக நுழைவது. வேறு வழி இல்லாத பெட்டிகளில் உரிமையாளர்கள் இதையும் கையாண்டிருக்கிறார்கள். இப்படி ரூட் கிடைக்கும் பெட்டியை இனி வெளி இணையத்தில் காட்டவே கூடாது. அந்த ஓட்டை மற்றவர்களுக்கும் அதே உரிமையைத் தரும்.

தை 9

டிஎன்எஸ்-323-க்குப் பொருந்துவது இரண்டாவது வழி. பெட்டி தொடங்கி டிஸ்கை இணைத்த பிறகு, முதல் டிஸ்க் தொகுதியின் மேல்மட்டத்தில் ‘ஃபன்_பிளக்’ என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதை ரூட் அதிகாரத்தோடு ஓட்டும். ஆர்வலர்கள் இதைக் கொண்டு ஒரு முழுத் தொகுப்பையே அமைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு கோப்புகள்: ஒன்று தொடங்கும் ஸ்கிரிப்ட், மற்றொன்று கருவிகள் அடங்கிய சுருக்கக் கோப்பு.

எஸ்எம்பி-யின் பழைய பதிப்பைப் பேசாத லேப்டாப்பிலிருந்து இவற்றை அனுப்ப, பெட்டியின் எஃப்டிபி சேவை தற்காலிகமாக இயக்கப்பட்டது. இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. ஸ்கிரிப்டை விண்டோஸ் நோட்பேடில் திறந்து சேமித்தால் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துக் கூடிவிடும். யூனிக்ஸ் ஷெல் அதைக் கட்டளையின் பகுதியாக எண்ணித் திணறும். எஃப்டிபி-யிலும் பைனரி முறையிலேயே அனுப்ப வேண்டும்.

மறுதொடக்கத்துக்குப் பின் சுருக்கக் கோப்பு தானாகப் பிரிந்து ‘எஃப்எஃப்பி’ என்ற கோப்புறை உருவானது. டெல்நெட் வழியே நுழைந்ததும் கடவுச்சொல் கேட்கப்படவில்லை. ‘ஐடி’ என்ற கட்டளைக்கு வந்த பதில்: யூஐடி=0. ரூட் கிடைத்துவிட்டது.

இந்த நிலையில் பெட்டியை ஒரு நிமிடம்கூட அப்படியே விடக்கூடாது. வீட்டு வைஃபையில் இருக்கும் எவரும் இப்போது ரூட். உடனே ரூட்டுக்குக் கடவுச்சொல் வைக்க வேண்டும். இந்தப் பெட்டியின் அமைப்புக் கோப்புகள் நினைவகத்தில் இயங்குபவை; மின்சாரம் போனால் மாற்றங்களும் போய்விடும். ஆகவே கடவுச்சொல்லை ஃபிளாஷில் எழுதிவைக்கத் தொகுப்பிலேயே தனி ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை ஓட்ட வேண்டும். பிறகு எஸ்எஸ்ஹெச் சேவையைத் தொடங்கி, வேறொரு சாளரத்திலிருந்து நுழைய முடிகிறதா என்று பார்த்து, முடிந்தால் மட்டுமே டெல்நெட்டை நிறுத்த வேண்டும். வரிசையை மாற்றினால் இரண்டு வாசலும் அடைபட்டுவிடும். வேலை முடிந்ததும் எஃப்டிபி-யும் நிறுத்தப்பட்டது.

இந்த வழியின் பெரிய நன்மை, ஃபர்ம்வேரைத் தொடாமல் இருப்பது. ஃபன்_பிளக் கோப்பை நீக்கி மறுதொடக்கம் செய்தால் அந்தத் தொகுப்பு ஓடாது.

தை 11

ரூட் கிடைத்தபின் செய்ய வேண்டியவை கொஞ்சமே. எஸ்எஸ்ஹெச் இருப்பதால் எஸ்எஃப்டிபி வழியே புது லேப்டாப் கோப்புகளைப் படிக்கிறது. ஓட்டையுள்ள எஸ்எம்பி முதல் பதிப்பை விண்டோஸில் மீண்டும் இயக்க வேண்டியதில்லை. 500 மெகாஹெர்ட்ஸ் செயலி மறையாக்கம் செய்யத் திணறுவதால் வேகம் குறைவுதான். படங்களுக்கும் கணக்குகளுக்கும் அது போதும். இரவில் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் ஓடி, மாறிய கோப்புகளை மட்டும் வீட்டிலுள்ள இன்னொரு கணினிக்கு அனுப்புகிறது. அந்த நேர அட்டவணையும் நினைவகத்தோடு போய்விடக்கூடியது என்பதால், தொடக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்டுகளின் கோப்புறையில் அது வைக்கப்பட்டது.

முழு ஃபர்ம்வேரையே மாற்ற விரும்புவோர்க்கு ஆல்ட்-எஃப் என்ற கட்டற்ற ஃபர்ம்வேர் இந்த மாடலுக்கு உண்டு. ஃபிளாஷில் எழுதும் நடுவில் மின்சாரம் போனால் பெட்டி எழாமல் போகலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரைகடந்தபோது, இதே விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. இப்படிப்பட்ட கடற்கரையில் யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடங்குவது தவறு.

தை 14

உரிமையாளர் கையில் ரூட் இருப்பது ஒன்று. அந்நியர் கைக்குப் போவது வேறு. 2014 ஆகஸ்டில் சைனோலாக்கர் என்ற நிரல், பழைய டிஎஸ்எம் ஓடிய சைனாலஜி பெட்டிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பிணையத்தொகை கேட்டது. திருத்தம் அதற்குப் பல மாதங்கள் முன்பே வெளியாகியிருந்தது, புதுப்பிக்காதவர்களே மாட்டினார்கள். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் உலகெங்கும் ஒரே நாளில் தம்மைத் தாமே துடைத்துக்கொண்டன. கடைசிப் புதுப்பிப்பு 2015-இல் வந்தது; ஆலை நிலைக்குத் திருப்பும் கட்டளை கடவுச்சொல் கேட்காத குறை 2011 முதல் நிரலில் இருந்தது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற நிரல் க்யூநாப் பெட்டிகளைத் தாக்கியது. 2024-இல் டிஎன்எஸ்-320எல், 325, 327எல், 340எல் ஆகிய மாடல்களில் கடவுச்சொல் இல்லாத மறைவான கணக்கு ஒன்று வெளிச்சத்துக்கு வந்தபோது, அவை காலம் முடிந்தவை, திருத்தம் வராது, மாற்றிவிடுங்கள் என்பதே டி-லிங்கின் பதில்.

இவற்றில் பொதுவான அம்சம் ஒன்றுண்டு: பாதிக்கப்பட்ட பெட்டிகள் வெளி இணையத்திலிருந்து தொடக்கூடிய நிலையில் இருந்தன. ரௌட்டரில் வெளிவாசல் திறக்கும் போர்ட் ஃபார்வேர்டிங்கை உரிமையாளரே செய்திருந்தாலும், ரௌட்டரின் யூபிஎன்பி வசதி தானாகச் செய்திருந்தாலும் விளைவு ஒன்றே. உப்பளத்தில் கடல்நீரை விடும் மடையை இரவு முழுக்கத் திறந்துவிட்டுப் பாத்தியில் உப்பு விளையும் என்று காத்திருப்பதற்கு அது சமம். எக்கியார்குப்பத்து ரௌட்டரில் யூபிஎன்பி அணைக்கப்பட்டது. நாஸ் பெட்டிக்கு வெளி இணையம் முற்றிலும் மூடப்பட்டது. வீட்டுக்கு வெளியேயிருந்து கோப்பு தேவைப்பட்டால் விபிஎன் வழி மட்டுமே.

தை 16

காலம் முடிந்த பெட்டியை ரூட் உரிமை இளமையாக்கிவிடாது. கர்னல் பழையது, அதன் குறைகள் அப்படியே இருக்கும். வீட்டுக்குள் மட்டும் புழங்கும் இரண்டாவது நகல் பெட்டியாக அது இன்னும் சில காலம் உழைக்கும். ஒரே நகல் இருக்கும் இடமாக அதை நம்பக்கூடாது.

தனியாகச் செய்யத் தயங்குபவர்களுக்குத் துணை அருகிலேயே இருக்கிறது. சென்னையில் ஐஎல்யூஜி-சி, இந்த மாவட்டத்திலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, தமிழில் 2012 முதல் கட்டற்ற மென்பொருளை எழுதிவரும் கணியம் ஆகியவை கேட்பவர்க்குக் கற்றுத்தருகின்றன.

வீட்டில் நாஸ் வைத்திருப்பவர்கள் இன்றே மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: அந்த மாடலுக்குப் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா, ரௌட்டரில் அதற்கு வெளிவாசல் திறந்திருக்கிறதா, கோப்புகளின் இன்னொரு நகல் வேறொரு டிஸ்கில் இருக்கிறதா. மூன்றாவதற்குப் பதில் ‘இல்லை’ என்றால், ரூட் எடுப்பதைத் தள்ளிவைத்து முதலில் நகலை எடுங்கள்.