முதல் வரிசையில் நிற்பது யார்?



மலைச் சைக்கிள் பந்தயம் பற்றி இங்கே ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். 'தகுதி' என்ற சொல் எப்படித் தயாராகிறது என்பதை, முதுகலையில் படித்த சமூகவியல் பாடங்களைவிட அந்தப் பந்தயத்தின் முதல் நிமிடம் எனக்குத் தெளிவாகக் காட்டியது. அதனால்தான்.

கிராஸ் கன்ட்ரி பந்தயத்தின் ஒரு சுற்று நான்கு முதல் ஆறு கிலோமீட்டர் இருக்கும். கல்லும் வேரும் சேறும் நிறைந்த பாதை. எல்லோரும் ஒரே நேரத்தில்தான் கிளம்புகிறார்கள், ஆனால் ஒரே கோட்டில் நிற்பதில்லை. தரவரிசைப் புள்ளி அதிகம் வைத்திருப்பவருக்கு முன்வரிசை. சற்று தூரத்தில் பாதை ஒற்றையடியாகச் சுருங்கும். பின்வரிசைக்காரர் காலில் எவ்வளவு பலம் இருந்தாலும் அந்த நெரிசலில் காத்துக்கிடக்க வேண்டும். முன்னணி வீரரின் முதல் சுற்று நேரத்தில் 80 சதவிகிதம் அளவுக்குப் பின்தங்கிவிட்டால் பந்தயத்திலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள்.

புள்ளி சேர்க்கப் பல நாடுகளுக்குப் போக வேண்டும். போவதற்குப் பணம் வேண்டும். பணம் தரும் ஸ்பான்சரோ முதலில் புள்ளியைக் கேட்பார். முன்வரிசையில் நிற்பவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. உழைப்பைக் காட்டவே ஒரு இடம் வேண்டியிருக்கிறது என்கிறேன்.

சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சாவ்சர் அப்படி முன்வரிசையில் நின்றவர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம், 2008இல் உலகச் சாம்பியன். அவர் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெலன்போஷ் நகரில் பயிற்சி எடுத்துவந்தார். திராட்சைத் தோட்டங்களும் பல்கலைக்கழகமும் உள்ள செல்வச் செழிப்பான ஊர். அதன் விளிம்பில் இருக்கிறது கயாமண்டி, கறுப்பினத் தொழிலாளர்களைத் தனியே குடியமர்த்த உருவாக்கப்பட்ட குடியிருப்பு. 1950இன் குழுப் பகுதிகள் சட்டம் யார் எங்கே வாழலாம் என்பதை நிறத்தை வைத்தே தீர்மானித்தது. அந்தச் சட்டம் ஒழிந்துவிட்டது, அது போட்ட கோடு இன்னும் அழியவில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவே வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2008இல் சாவ்சரும் கயாமண்டியைச் சேர்ந்த சோங்கோ ஃபிபாசாவும் சேர்ந்து, அங்குள்ள பிள்ளைகளுக்காக ஒரு சைக்கிள் திட்டத்தைத் தொடங்கினார்கள். 'சோங்கோ' என்ற பெயரைத் தன் அணியின் பெயரிலேயே சேர்த்துக்கொண்டு, சாவ்சர் கேப் எபிக் பந்தயத்தில் ஓட்டினார். 2011, 2012 இரண்டு ஆண்டும் தென்னாப்பிரிக்க வீரர் பரி ஸ்டாண்டருடன் சேர்ந்து வென்றார். 2013 ஜனவரி 3 அன்று, பயிற்சியின்போது மினிபஸ் மோதி ஸ்டாண்டர் இறந்தார். அவருக்கு வயது 25. அதே ஆண்டு செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவியுடன் இறங்கி, சாவ்சர் மறுபடி வென்றார்.

சமூகப்பணியில் இருப்பவள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரு சாம்பியனின் நல்ல மனம் பாராட்டுக்குரியது. ஆனால் அது உரிமைக்கு ஈடாகாது. நல்லவர் வந்தால்தான் பிள்ளைக்குச் சைக்கிள் என்றால், அவர் வராத குடியிருப்புகளின் கதி என்ன? மைதானமும் பயிற்சியாளரும் பயணச் செலவும் அரசின் கடமையாக வேண்டும். 'திறமை இருந்தால் தானே மேலே வருவார்கள்' என்று யாராவது சொன்னால், வரிசை போட்டது யார் என்று கேளுங்கள்.

கேப் எபிக்கில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. அது எட்டு நாள் பந்தயம், இருவர் சேர்ந்து ஓட்டுவது. ஒருவரைவிட்டு ஒருவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகினால் தண்டனை. எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் கூட்டாளியை விட்டுவிட்டு வந்து வெற்றி கேட்க முடியாது. படித்து வேலைக்குப் போகும் நம் தம்பி தங்கைகள் நினைவில் வைக்க வேண்டிய விதி அது.

ஜெய்பீம்.