உடம்புச் சூட்டில் விளக்கு எரியுமா?

மனித உடல் ஓர் அணையாத அடுப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. அத்தனையும் வீணாகக் காற்றோடு போகிறது. அதில் கொஞ்சத்தைப் பிடித்து மின்சாரமாக்க முடியுமா?

கனடாவின் விக்டோரியா நகரப் பள்ளி மாணவி ஆன் மகோசின்ஸ்கிக்கு பிலிப்பைன்ஸில் ஒரு தோழி. வீட்டில் மின்சாரம் இல்லை. இரவில் படிக்க முடியாமல் அந்தத் தோழி தேர்வில் தோற்றுப்போனார். அந்த வருத்தத்தில் பிறந்தது பேட்டரியே இல்லாத ஒரு டார்ச் லைட். கையில் பிடித்தாலே எரியும். 2013 கூகுள் சயின்ஸ் ஃபேரில் தன் வயதுப் பிரிவில் ஆன் பரிசு வென்றார்.

இதில் உள்ள சூட்சுமம் பழையது. இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு முனையைச் சூடாக்கினால் பக்கத்திலுள்ள காந்த ஊசி அசைவதை 1821-ல் கண்டார் தாமஸ் சீபெக். காரணம், வளையத்தில் ஓடிய மின்சாரம். சூடு மட்டும் போதாது. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி வேண்டும். ஆனின் டார்ச்சில் வெளிப்பக்கம் உள்ளங்கைச் சூடு, உள்ளே வெற்றுக்குழாயில் காற்று. 5 டிகிரி வித்தியாசமே போதும்.

டார்ச்சை நாள் முழுக்கப் பிடித்திருக்க முடியாது. சட்டையை அணிந்திருக்கலாம். அதனால் இந்த வித்தையை நூலுக்குள் கொண்டுவர ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், இதற்கு ஏற்ற பிஸ்மத் டெல்லூரைடு, வளைத்தால் சாக்பீஸ் மாதிரி உடையும். அதைக் கண்ணாடி உறைக்குள் வைத்து, உருக்கி, முடியளவு மெல்லிய இழையாக இழுக்கிறார்கள். மெலிந்தால் வளையும். இன்னொரு வழி, கார்பன் நானோகுழாய் நூலில் விட்டுவிட்டு வேறு பொருளைப் பூசி, ஒரு இணைப்பு தோலைத் தொட, அடுத்தது வெளிக்காற்றைப் பார்க்கும்படி நெய்வது.

நெய்த பிறகும் ஒரு தொல்லை. துணி மெல்லியது, இரண்டு பக்கமும் சீக்கிரமே ஒரே சூட்டுக்கு வந்துவிடும். வெளியிலும் தோலின் அளவுக்கே வெயில் அடித்தால் மின்சாரம் கிடையாது. குளிர்ப்பிரதேசத்தில் உழைக்கும் சட்டை, கோடையில் வெறும் சட்டை!

செல்போனை சார்ஜ் செய்யும் அளவுக்கு இதில் மின்சாரம் கிடைக்காது. ஆனால், நாடித்துடிப்பையோ உடல் சூட்டையோ கவனிக்கும் சின்ன சென்சாருக்குத் துளி மின்சாரம் போதும். சார்ஜ் போட மறந்து மேஜை டிராயரில் கிடக்கும் கருவியால் முதியவர் யாருக்கும் பயனில்லை. மறதிக்கே இடம் தராமல், உடம்போடு சேர்ந்து இயங்கும் ஒரு கருவி. இந்த நூல் கைகூடினால் கிடைக்கப்போவது அதுதான்.