கர்நாடிக்னா கச்சேரி மட்டுமில்ல

சிதம்பரம் ஸ்டேஷன்.
கடலூர் பாசஞ்சருக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து உக்காந்துட்டேன். வழக்கம்போல.

சும்மா இந்த லைனோட பழைய கதைய நோண்டினா, ‘கர்நாடிக் ரயில்வே’ன்னு ஒரு கம்பெனி!
ஏதோ சபான்னு நினைச்சிட்டேன்.

1865ல அரக்கோணம் டு காஞ்சிபுரம் ரயில் விட்ட ‘இந்தியன் டிராம்வே’தான் பின்னாடி இந்தப் பேரை வச்சிக்கிச்சு.
1874ல ‘கிரேட் சதர்ன்’கூட சேர்ந்து ‘சவுத் இந்தியன் ரயில்வே’ ஆயிடுச்சு.
பேரும் போச்சு.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் தண்டவாளம் போட்டது அந்தப் புதுக் கம்பெனிதான். மீட்டர் கேஜ்.
இப்ப அதுவும் இல்ல. அகலப்பாதை வந்தாச்சு.

அந்த டிராம்வே கம்பெனி, ரெண்டு பேரையும் சேர்த்து ஓடின கணக்குப் பார்த்தா ஒன்பதே வருஷம்.
சிரிச்சேன்.
நான் சேர்ந்த ஜிம் ஒன்பதே நாள்.

கடலூர் திருப்பாப்புலியூர்க்காரங்க யாராவது ‘கர்நாடிக் ரயில்வே’ங்கிற பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா?