யாருக்காக வரைந்த ஓவியம்?

ஊர் ஊராகப் போய்ப் பழைய தேவாலயங்களில் கல்லறை பார்ப்பது எனக்கு ஒரு கிறுக்கு. இங்கிலாந்தில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் யூயெல்ம் கிராமத்துக்குப் போகச் சொல்வேன்.

அங்கே செயின்ட் மேரி தேவாலயத்தில் இருப்பது சஃபோக் சீமாட்டி ஆலிஸின் கல்லறை. கவிஞர் ஜெஃப்ரி சாசரின் பேத்தி. மூன்று கணவர்களையும் பறிகொடுத்து, 1475இல் இறந்தவர்.

மேல்தளத்தில் அலபாஸ்டர் கல்லில் அவர் உருவம். கூப்பிய கைகள், தலையில் சிறு கிரீடம், இடது கையில் கார்ட்டர் விருதின் பட்டை. பட்டமும் பதவியும் அதோடு சரி. கீழே, கல் சாளரங்களுக்குப் பின்னால் இன்னொரு ஆலிஸ்: எலும்பும் தோலுமாக, வற்றிப்போன பிணம். அதையும் அதே கவனத்தோடு செதுக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பிணத்தின் முகத்துக்கு நேர் மேலே, உட்கூரையில், மரியாளுக்குத் தேவதூதர் மங்களச் செய்தி சொல்லும் ஓவியம். நின்றால் தெரியாது, தரையில் மல்லாந்து படுத்தால்தான் நமக்குத் தெரியும். ஊர் மெச்சுவதற்காக வரைந்ததல்ல, செத்தவருக்காக வரைந்தது. லைக் எண்ணியே பழகிப்போன நமக்கு இது உறைக்க வேண்டும்.

ஆலிஸும் மூன்றாம் கணவரும் 1437இல் பதின்மூன்று ஏழைகளுக்காக நிறுவிய தர்ம விடுதி பக்கத்திலேயே இருக்கிறது. அதில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கல்லறையைவிட இதுதான் பெரிய நினைவுச்சின்னம்.

போனால் தரையில் படுக்கக் கூச்சப்படாதீர்கள். சட்டை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.