கரம்பனிலிருந்து உரோமாபுரிக்கு

நெடுந்தீவுப் பிள்ளைக்கும் நயினாதீவுப் பிள்ளைக்கும் மேற்படிப்பு என்றாலே கடல் கடத்தல்தான். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார் கடந்த கடலோ பெரிது. 1934இல் உரோமாபுரி சென்றார். ஐந்தாண்டுகள் இறையியல் பயின்றார். கார்த்தேஜ் நகரின் பண்டைக் குருமாரைப் பற்றி ஆய்ந்தார். இலத்தீனும் இத்தாலியமும் கைவந்தன. தமிழ்? அதன் குறை, திரும்பிவந்து வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியாற்றியபோதே உறைத்தது. 1945இல், முப்பதைக் கடந்த வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவரானார். உரோமாபுரி கண்டவர் இளைஞரோடு ஒரே வாங்கில் அமர்வது எளிதன்று. புலமையினும் அத்துணிவே வியப்புக்குரியது.

முன்னைய படிப்பும் வீண்போகவில்லை. 1679இல் அச்சான புரொயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பித்தார்.