கல்லாவிக்காரன் பார்த்த பழைய ஃபைபர் படகு

எங்க ஊர் கல்லாவியில் படகு என்றால் ஒகேனக்கல் பரிசல்தான். நல்ல மழை பெய்த வருஷம் ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை நிரம்பினால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம், அவ்வளவுதான் எங்களுக்கும் தண்ணிக்கும் சம்பந்தம். அப்படிப்பட்ட என்னைப் போன ஏப்ரல் முதல் வாரத்தில் கடலூர் பக்கம் ஒரு கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், இந்தப் படகை வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டார்கள்.

கேட்டது என் ரூம்மேட்டின் அப்பா. இருபது வருஷத்துக்கு மேலாக அடுத்தவர் படகில் கடலுக்குப் போகிறவர். பிடித்த மீனை விற்ற காசில் எண்ணெய்ச் செலவு போக மீதியைப் பங்கு போடும்போது படகுக்குத் தனிப் பங்கு, வலைக்குத் தனிப் பங்கு, மிச்சம்தான் ஆட்களுக்கு. அந்தப் படகுப் பங்கு ஒருநாளாவது தன் வீட்டுக்கு வரணும் என்பது அவர் ஆசை. பக்கத்து ஊரில் 28 அடி ஃபைபர் படகு ஒன்று, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜினோடு 1,85,000 ரூபாய்க்கு வந்திருந்தது. புதுசு என்றால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். அம்மாவின் நகையை அடகு வைத்து, 10,000 அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது.

"நீதான் காம்போசிட்ஸ் எலக்டிவ் எடுத்திருக்கியேடா, வந்து பாரு" என்றான் ரூம்மேட். நான் எடுத்தது உண்மை. இன்டர்னலில் 50க்கு 31. அதனால் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டேன்.

சித்தப்பா 16 வருஷமாக ஓசூரில் ஒரு ஃபைபர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். லாரி கேபின் பாகம், பஸ் பேனல், தண்ணித் தொட்டி என்று எல்லாம் கையால் மேட் போட்டு ரெசின் பூசுகிற வேலை. காலையில் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உள்ளே போவார், இல்லையென்றால் கண்ணாடி நார் குத்தி ராத்திரி தூக்கம் வராது. அவர் சட்டையைச் சித்தி எங்கள் துணியோடு சேர்த்து ஊறப்போட மாட்டார். படிப்பு பத்தாவது. படகில் ஏறியதில்லை. ஆனால் படகும் தண்ணித் தொட்டியும் ஒரே சரக்குதான்: பாலியஸ்டர் ரெசின், கண்ணாடி நார், மேலே ஜெல் கோட்.

ஊத்தங்கரையில் பஸ் ஏறி, திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகப் போய் இறங்கினோம். அந்தக் கரையில் 2004 டிசம்பர் 26க்கு முன்னால் கட்டுமரம்தான் அதிகம் என்று அப்பா சொன்னார். சுனாமி கட்டுமரங்களைக் கொண்டுபோனதும் அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் ஃபைபர் படகுகளாகக் கொடுத்தன. திடீரென்று அவ்வளவு படகு வேண்டும் என்றால் என்ன ஆகும்? ஷெட் போட்டவனெல்லாம் படகு கட்டினான். நல்லதும் உண்டு, அவசரத்தில் மேட்டைக் குறைத்துப் போட்டதும் உண்டு. நாங்கள் பார்க்கப் போனது அந்தக் காலத்துப் படகு. ஆனால் புதுசாக வெள்ளை பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்றது.

நான் பையில் வைத்திருந்த ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். நெட்டில் படித்திருந்தேன்: மேட் அடுக்குகள் ஒட்டி இருந்தால் 'டண்' என்று கேட்கும், உள்ளே பிரிந்திருந்தால் 'டொப்' என்று செத்த சத்தம் வரும். வெளிநாட்டில் பழைய யாட் வாங்குகிறவர்கள் இதற்கென்றே சர்வேயர் வைக்கிறார்கள், அவர் சின்னச் சுத்தியலும் ஈரம் பார்க்கும் மீட்டரும் கொண்டு வருவார். என்னிடம் நாணயம்தான். (லேபில் இருக்கும் பார்கோல் கருவியைக் கேட்டிருந்தேன், கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் மேல்தோலின் கடினத்தைத்தான் சொல்லியிருக்கும்.) படகுக்குள் ஏறி நடுவில் தட்டினேன். டொப். இன்னும் ரெண்டடி தள்ளி. டொப். "அப்பா, உள்ள மொத்தமா பிரிஞ்சு போயிருக்கு" என்று அறிவித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை, அது அவர் பெருந்தன்மை. "தம்பி, அது தெர்மாகோல் பொட்டி. கவுந்தா மிதக்கணும்னு உள்ள அடைச்சிருக்கு. எல்லாப் படகுலயும் அப்படித்தான் கேக்கும்."

படகு விற்கிறவர் சிரித்தார்.

சித்தப்பா எதையும் தட்டவே இல்லை. படகின் மூக்குப் பக்கம், அதை அங்கே அணியம் என்கிறார்கள், தரையில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டுத் தகட்டைப் பார்த்தார். சாய்ந்த வெயில் மேலே விழுந்தால் மேடு பள்ளம் நெளியும். கீழே ஏராவை ஒட்டி ஒரு முழம் நீளத்துக்குப் பெயிண்டின் பளபளப்பு மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையை ஓரத்தில் வைத்து நெம்பினார். அப்பளம் மாதிரி ஒரு துண்டு கையோடு வந்தது. அடியில் பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது.

இது பாடத்தில் வரும், எனக்குத்தான் உறைக்கவில்லை. ஏற்கெனவே இறுகிப்போன ரெசின் மேல் புது ரெசின் வேதியியலாக அதிகம் ஒட்டாது, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் பழையதை நாரு தெரிகிற வரைக்கும் கிரைண்டிங் போட்டு, ஈரமில்லாமல் காயவிட்டு, அப்புறம்தான் மேட் வைக்கணும். இங்கே பெயிண்ட் மேலேயே ஒட்டு போட்டிருந்தார்கள். "பஸ்சுல இப்படிப் பண்ணா மழை ஒழுகும், அவ்ளோதான்" என்றார் சித்தப்பா.

அடுத்து இன்ஜின். அதில் அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா?" என்று விற்கிறவர் கேட்டதும், அப்பா பதில் சொல்லாமல் மூடியைக் கழற்றி உள்ளங்கையை வைத்தார். சுடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்னாலேயே ஓட்டிச் சூடுபண்ணி வைத்திருக்கிறார், ஆறின இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகும் என்று தெரியாமல் இருக்க. கியர் ஆயில் திருகைக் கழற்றியபோது வந்த எண்ணெய் பால் கலந்த டீ நிறம். சீல் போய்த் தண்ணி உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். ஆனால் அப்பா முகம் மாறவில்லை. சீல் மாற்றிக்கொள்ளலாம், அது கணக்குதான்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னால் மறக்க முடியாதது. "கரையேத்த எத்தனை பேரு வேணும்?"

"எட்டுப் பேரு."

பக்கத்தில் அதே அளவுப் படகுகள் இருந்தன. அதையெல்லாம் ஆறு பேர் தள்ளுகிறார்கள். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார், சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. எடை கூடியிருக்கிறது. தெர்மாகோல் பெட்டிக்குள் தண்ணி நிற்கிறது. ஒரு கன மீட்டர் தண்ணி ஒரு டன். அதில் எட்டில் ஒரு பங்கு பெட்டி இடுக்குகளில் தங்கினாலே 125 கிலோ ஆச்சு என்று நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். பெட்டியின் தாழ்ந்த மூலையில் 6 மி.மீ. துளை போட அனுமதி கேட்டோம், முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். நாங்கள் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் ஒழுகிக்கொண்டிருந்தது.

எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. சித்தப்பாவுக்குப் போதவில்லை. இன்ஜின் மாட்டும் பின்பலகைக்குப் போனார். அது முழு ஃபைபர் கிடையாது, நடுவில் பிளைவுட், ரெண்டு பக்கமும் மேட். இன்ஜினின் வாலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். நான் ஆட்டினேன். பலகையும் கூடவே மூச்சு விடுகிற மாதிரி அசைந்தது. ஒரு போல்ட்டைக் கழற்றியதும் அந்த ஓட்டையிலிருந்து டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணி வழிந்தது. ஸ்க்ரூடிரைவரை விட்டுக் கிண்டினால் ஈர மூக்குப்பொடி மாதிரி மரம் வந்தது. போல்ட் ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டதால் வருஷக்கணக்காகத் தண்ணி குடித்த பிளைவுட். வெளியே வெள்ளை பெயிண்ட், தட்டிப் பார்த்திருந்தால் சத்தம்கூட சுமாராகத்தான் வித்தியாசப்பட்டிருக்கும்.

இருட்டினதும் படகுக்குள் டார்ச் அடித்து வெளியிலிருந்து பார்த்தோம். வெள்ளை ஜெல் கோட் என்பதால் வெளிச்சம் லேசாகக் கசிந்தது. வலப்பக்கம் ஒரு இடம் மட்டும் கூடுதலாக வெளிச்சம், அதாவது அங்கே மெலிசு. "வலை இழுக்கிற பக்கம், தேய்ஞ்சிருக்கு" என்றார் அப்பா, பார்க்காமலேயே.

டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் முந்திக்கொண்டு "வாங்காதீங்கப்பா" என்றேன். யாரும் பேசவில்லை. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பெரிய படகுகள் போகாத அந்த 61 நாளில் சின்னப் படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். அவர் போட்டிருந்த கணக்கே அதை வைத்துத்தான். வாங்காதீங்க என்று சொல்ல எனக்கு ஒரு செகண்ட் ஆச்சு, அவருக்கு அது ஒரு வருஷம்.

சித்தப்பா பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினார். மரைன் பிளை, மேட், ரெசின், சீல், கூலி. 38,000 வந்தது. "படகு சாகலைண்ணா. பின்னாடி மட்டும்தான் செத்திருக்கு. வெட்டி எடுத்துட்டுப் புதுசா கட்டலாம். நானே ரெண்டு ஞாயித்துக்கிழமை வரேன்."

"அதுவரைக்கும் கரையை ஒட்டியே ஓட்டினா?"

சித்தப்பா கொஞ்ச நேரம் டிக்கெட்டையே பார்த்தார். "நான் ஏற மாட்டேண்ணா."

அப்பா 1,45,000 கேட்டார். விற்கிறவர் 1,70,000க்குக் கீழே இறங்கவில்லை. அதுபோக, பதிவுப் புத்தகத்தில் இருந்தது அவர் அண்ணன் பெயர். மீன்வளத்துறையில் பெயர் மாற்றாமல் மானிய மண்ணெண்ணெய்கூட நம் பெயருக்கு வராது. அதை அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். அப்பா எழுந்துவிட்டார். அட்வான்ஸில் 5,000 திரும்பி வந்தது, மீதி வரவில்லை.

இதில் எனக்கு இன்னும் உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அடுத்த வாரமே வேறு ஒருவர் அந்தப் படகை வாங்கிவிட்டார். அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று ரூம்மேட் சொல்கிறான், பின்பலகையைச் சரிசெய்தார்களா என்று தெரியாது. அந்த சீசன் முழுக்க அப்பா பழையபடி பங்குக்குத்தான் போனார். நகைக்கு வட்டி ஓடியது. ரூம்மேட் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, ஆனால் மே மாசம் அவன் என்னிடம் கொஞ்சம் குறைவாகத்தான் பேசினான்.

ஜூலையில் ஒரு மதியம் சித்தப்பாவுக்கு அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப் வீடியோ வந்தது. வேறொரு படகு, பச்சை நிறம், பழைய பெயிண்ட். பெயர் மாற்றத்துக்கு ஆள் தயார், ஆறு பேர் தள்ளினால் ஏறுகிறதாம். அப்பா ஒரு நாணயத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறார். கம்பெனி சாப்பாட்டு நேரத்தில் சித்தப்பா கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே போனைக் காதில் அழுத்தி மூன்று தடவை கேட்டாராம். அப்புறம் எனக்குப் போன் செய்தார்.

"பின்பலகைல தட்டினது சரியா கேக்கலைடா. போல்ட்டைக் கழட்டிட்டு ஒரு வீடியோ எடுக்கச் சொல்லு."